அக்காள் காதில் ஒரு நிலம், தங்கை காதில் ஒரு நிலம்

நிலமெல்லாம் பிரியாமல் ஒரே துண்டாக ஒட்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் அப்போது பேச்சு உண்டு. பேச்சு இருந்தால் சண்டை இல்லாமலா போகும்? வெள்ளைக் கரடிக்கு எப்போதும் பனி வேண்டும், ஓணானுக்கோ எப்போதும் வெயில் வேண்டும். கங்காருவுக்குக் குதிக்கத் திறந்த வெளி வேண்டும், குரங்குக்கு மரத்துக்கு மரம் இடைவெளியே இருக்கக் கூடாது. பொழுது விடிந்தால் இவர்கள் கத்தல்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பூமி ஒருநாள் வாயைத் திறந்தது.

"இனிமே என்னால முடியாது. வர்ற மழைக்கு நான் துண்டு துண்டாப் பிரியப் போறேன். பனி ஒரு பக்கம், காடு ஒரு பக்கம், புல்வெளி ஒரு பக்கம். யாருக்கு எது தோதோ அங்க போய் நின்னுக்கோங்க. அப்புறம் நடுவுல கடல் வந்துரும். பொறவு வந்து என்கிட்ட அழக் கூடாது."

எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. வெள்ளை உடம்பும் சிவந்த மூக்குமாக ஆலா என்றொரு கடற்பறவை உண்டு. ஒரு பனிமுனையிலிருந்து மறு பனிமுனை வரை சலிக்காமல் பறக்கும். அதைத்தான் அனுப்பினார்கள். அதுவும் உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது.

எல்லாம் அதன் தலைக்குள் இருந்தது, வரைந்து காட்டத்தான் இடமில்லை. மணலில் வரைந்தது. அலை வந்து அழித்தது. வாழை இலையில் கீறியது. ஆடு தின்றுவிட்டது. ஆமையின் முதுகில் வரைந்தது. ஆமை, "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. வந்த கோபத்தில் ஆலா எல்லோருக்கும் வாயாலேயே வழி சொல்லி விரட்டியது. "கரடி, நீ வடக்க போ. லாமா, உனக்குத்தான் உடம்பெல்லாம் கம்பளி இருக்கே, நீ மேற்க மலை மேல ஏறிக்கோ. கங்காரு, தென்கிழக்க தனியா ஒரு நிலம் வரும், அங்க போய் இஷ்டத்துக்குக் குதி." கங்காருவுக்கு மறதி அதிகம். வழியை மறக்கிற மாதிரி பிள்ளையையும் மறந்துவிடுவோம் என்று பயந்து, அதைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கிளம்பியது.

கடைசிவரை நகராமல் நின்றவர்கள் இரண்டு பேர். அத்தினி, பிடி என்ற யானைகள். அத்தினி அக்காள், பிடி தங்கை. அக்காள் ஒடித்த மூங்கிலைத் தங்கை அவள் வாயிலிருந்து பிடுங்கித் தின்பாள். தங்கை ஒடித்ததை அக்காள் பிடுங்குவாள். தானே ஒடித்துத் தானே தின்றால் இருவருக்கும் ருசிக்காது. அப்படி வளர்ந்தவர்கள்.

அத்தினி அப்போது நிறைசூலி. நிழலும் ஆறும் உள்ள கிழக்குக் காட்டைவிட்டு அவளால் நகர முடியாது. பிடியும் அங்கேயே இருந்திருப்பாள். ஆனால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் வந்து அவள் முன்னால் நின்றன.

"எங்க பக்கம் மழை கம்மி தாயி. ஆத்து மணலத் தோண்டினாத்தான் தண்ணி. தோண்டத் தும்பிக்கை வேணும். இந்தக் கழுத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றது ஒட்டகச்சிவிங்கி.

பிடி அக்காளைப் பார்த்தாள்.

"போடி. தண்ணி கேட்டு வந்தவங்கள இல்லைன்னு அனுப்பலாமா?" என்றாள் அத்தினி. சொல்லிவிட்டு அவளே முதலில் அழுதாள். பிறகு பிடியும் அழுதாள். ஒட்டகச்சிவிங்கிக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

ஆலாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யானைக்குக் காது தாமரை இலைபோல வட்டமாக, தட்டையாக இருக்கும். அதைப் பார்த்ததும் அதற்கு யோசனை வந்தது.

"அழாதீங்க. உங்க காதுலயே வரைஞ்சு விடறேன். ஒருத்தர ஒருத்தர் தேடி வரலாம். எந்த நிலத்த யார் காதுல வரையட்டும்?"

அத்தினி முந்திக்கொண்டாள். "அவ போற நிலத்த அவ காதுல வரை. புது எடம். வழி தெரியாம அலையக் கூடாது."

பிடி உடனே, "அக்கா நிலத்த அக்கா காதுல வரை. புள்ளத்தாச்சி, எங்கயும் தடம் மாறிப் போயிரக் கூடாது" என்றாள்.

ஆலா மூக்கைத் தீட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியது. பிடி போகிற நிலம் மிகப் பெரியது. காதைப் பிடித்து இழுத்தது, போதவில்லை. இன்னும் இழுத்தது. "ஆலா, வலிக்குது!" என்று பிடி கத்தினாள். "நிலம் அவ்ளோ பெருசு, நான் என்ன பண்ணட்டும்?" என்று ஆலா அதட்டியது. ஆறுகளை நரம்பு நரம்பாக ஓடவிட்டது. அத்தினியின் காதைக் கீழே கூராக இறக்கி முடித்தது. வடக்கே பனிமலைக்காக மேல்விளிம்பைக் கொஞ்சம் மடித்தது. ஓரத்துத் தீவுகளுக்குச் சிவப்பாகப் புள்ளி குத்தியது.

அக்காள் தங்கையின் காதைப் பார்த்தாள். "ஐயோ, எத்தனை பெரிய ஊரு உனக்கு!" தங்கை அக்காளின் காதைப் பார்த்தாள். "இந்தா, இந்த ஆத்துலதான நாம குளிப்போம்!" அன்று பொழுது சாயும்வரை இருவரும் காதைப் படித்துக்கொண்டே இருந்தார்கள்.

மழை வந்தது. பிடி வரிக்குதிரைகளோடு நடந்தாள். நிலம் பிரிந்தது, நடுவில் கடல் வந்து நின்றது.

குட்டி பிறந்து எழுந்து நடந்ததும், தங்கையிடம் காட்ட வேண்டுமென்று அத்தினிக்கு ஆசை வந்தது. வழி பார்க்கலாமென்று தன் காதைப் பார்க்கத் திரும்பினாள். காதும் கூடவே திரும்பியது. இந்தப் பக்கம் சுற்றினாள், அந்தப் பக்கம் சுற்றினாள். குட்டி, அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துத் தானும் சுற்றியது. அப்புறம்தான் அத்தினிக்கு உறைத்தது. தன் காது தனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதில் இருப்பது தன் நிலம். தங்கை இருக்கும் இடத்துக்கு வழி, தங்கையின் காதோடு போய்விட்டது. அத்தினி அப்படியே கரையில் நின்றாள்.

அப்போது கடல் தாண்டி ஆலா வந்தது.

"உன் தங்கச்சியும் அங்க இப்படித்தான் சுத்திச் சுத்தி வந்தா. இப்ப கரையில நின்னு காத விரிச்சு ஆட்டிக்கிட்டு இருக்கா. 'அக்காவுக்கு வழி தெரியுதான்னு கேட்டுட்டு வா'ன்னா."

"தெரியுதுன்னு சொல்லிரு" என்றாள் அத்தினி.

"நெசமாவா தெரியுது?"

"எங்க தெரியுது? கடல்தான் தெரியுது. தெரியலைன்னு சொன்னா ஆட்டறத விட்டுட்டு அழுதுக்கிட்டு நிப்பா." சொல்லிக்கொண்டே அத்தினியும் தன் காதை விரித்து மெல்ல ஆட்டினாள். "என்னோடது அவளுக்குத் தெரியுதான்னும் கேளு."

ஆலா பறந்து போய்க் கேட்டது. பிடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத் தெரியுதுன்னு சொல்லு" என்றாள்.

ஆலா இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பொய்யை இங்கும் அங்கும் சுமந்துகொண்டு அது இன்னும் ஓயாமல் பறக்கிறது.

யானை காதை ஆட்டினால் ஈ ஓட்டுகிறது என்பார்கள், வெக்கைக்கு விசிறிக்கொள்கிறது என்பார்கள். ஈயே இல்லாத குளிர்ந்த காலையில் சும்மா நிற்கிற யானையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆலா வரைந்த நாளிலிருந்து அந்தக் கரை யானைக்குக் காது பெரிது, நம் கரை யானைக்குச் சிறிது. அக்காள் கரையில் நின்று தங்கைக்கு வழி காட்டத் தொடங்கினாளே, அந்த நாளிலிருந்துதான் இரண்டுக்கும் காது ஆடுவது நிற்பதே இல்லை.