தாயின் கைக்குள் ஒரு கோழிக்குஞ்சு

இந்தக் கதையில் மூன்று பேர். மூன்று பேருமே அழுதவர்கள்தான். அதனால் யார் அழுதார்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என்ன செய்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

பிலிப்பைன்ஸில் நெல் விளைகிற ஒரு சமவெளி ஊர். அங்கே மார்செலோ என்று ஓர் ஓவியர் இருந்தார். மரியாதைக்கு "மாங்" சேர்த்து மாங் செலோ என்று கூப்பிடுவார்கள். கித்தார் தாளத்துக்கு வரிசையாக நாற்று நடுகிறவர்கள், ஒரு முழு வீட்டையே மூங்கில் கழிகளில் கட்டித் தோளில் சுமந்து போகிறவர்கள், இப்படித் தன் ஜனங்களின் வழக்கங்களையே வாழ்நாள் முழுக்க வரைந்தார். "முன்னூறு வருஷம் ஸ்பெயின்காரன், அப்புறம் அமெரிக்காக்காரன். நாம யாருன்னு கேட்டா கைகாட்ட ஏதாவது இருக்கணும்ல?" என்பார். நகராட்சி மண்டபத்துச் சுவர்களுக்கும் அவரைத்தான் வரையச் சொன்னார்கள். பிறப்பு, கல்யாணம், அறுவடை எல்லாம் முடித்துவிட்டார். சாவு மட்டும் பாக்கி.

அந்தச் சமயத்தில் நார்டோ செத்தான். குத்தகை விவசாயி. பண்ணைக்காரர் எடுக்கிற பங்கு அநியாயம் என்று எல்லார் முன்னாலும் பேசியவன். ஒருநாள் வாய்க்காலில் கிடந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நார்டோ குடிக்கமாட்டான். அது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் சவப்பெட்டியை வைத்தார்கள். முகத்துக்கு மேலே கண்ணாடி வைத்த பெட்டி. மத்தியான வெயிலில் தகரக் கூரை கொதித்தது. பிணத்தைத் தனியாக விடக்கூடாது என்பதால் துக்க வீட்டில் உட்கார்ந்து சீட்டாடுவது அங்கே வழக்கம். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நார்டோ இருந்திருந்தா இந்நேரம் சட்டை வரைக்கும் தோத்திருப்பான்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். சொன்னவன் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது நார்டோவின் மனைவி லூமிங் ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் விட்டாள். கொஞ்சம் அரிசி தூவினாள். குஞ்சு கொத்த ஆரம்பித்தது. சீட்டாட்டம் நின்றுபோனது.

ஏன் என்றால், கொலையானவன் பெட்டிமேல்தான் அங்கே குஞ்சு விடுவார்கள். அது கொத்தக் கொத்தக் கொன்றவனின் மனசாட்சியில் வலிக்கும் என்பது நம்பிக்கை. என் புருஷனைக் கொன்றுவிட்டார்கள் என்று லூமிங் பேசாமலே சொல்லிவிட்டாள்.

நார்டோவின் அம்மா இஸ்கா எழுந்து வந்தார். குஞ்சை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் மூடிக்கொண்டார்.

"இனாங், அதை வைங்க" என்றாள் லூமிங். இனாங் என்றால் அம்மா. மாமியாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மாட்டேன்டி."

"உள்ள கிடக்கிறது உங்க பிள்ளை."

"எலோயும் என் பிள்ளைதான்."

எலோய் இளையவன். பண்ணைக்காரரின் நெல் மில்லில் வேலை. குஞ்சு பெட்டிமேல் இருந்தால் பண்ணைக்காரர் கோபம் அவன்மேல்தான் திரும்பும். அவன் தூண் ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். லூமிங் அவனைப் பார்த்தாள். கண்ணாடிமேல் கிடந்த அரிசியைக் கையால் கூட்டி எடுத்தாள். இஸ்கா பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். குஞ்சு அவர் கைக்குள் கத்திக்கொண்டே இருந்தது.

மாங் செலோ ஆறிப்போன காபியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தார்.

ஊர்த் திருவிழாவில், நகராட்சி மண்டபத்தில் பாக்கியிருந்த சாவுப் படத்தைத் திறந்தார்கள். ஓலைக் கூரை, மூங்கில் பெஞ்சுகள், இருட்டில் மெழுகுவர்த்திகள். நடுவில் பெட்டி. பக்கத்தில் ஒரு தாய், அச்சாக இஸ்காவின் முகம். மூடிய விரல்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு சின்னத் தலை. வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூடக் கண்கலங்கினார்கள். பண்ணைக்காரரும் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் மில்லில் அவருடைய ஆள் ஒருவன், "உங்கம்மா கையில என்னடா அது, வாத்தா?" என்று எலோயிடம் கேட்டானாம். அந்த வாரமே எலோயைக் காணோம். மணிலாவுக்கு ஓடிவிட்டான் என்கிறார்கள். ஓடுகிறவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டா ஓடுவான்?

இஸ்கா மாங் செலோவிடம் போனார். "செலோ, அந்தக் குஞ்சை அழிச்சிடு. எங்கேயாவது அவன் இருந்தா திரும்பி வரட்டும்."

லூமிங்கும் வந்தாள். "அழிச்சிடாதீங்க, மாங் செலோ. அவரைக் கொன்னாங்கன்னு இந்த ஊர்ல சொல்றது அந்தப் படம் ஒண்ணுதான்."

மாங் செலோ பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "நான் பார்த்ததைத்தான் வரைஞ்சேன். அதை மாத்தினா இத்தனை வருஷம் நான் வரைஞ்சதெல்லாம் பொய்யாயிடும்" என்றார். கடைசிவரை படத்தில் கை வைக்கவில்லை.

குஞ்சை வைத்தவள் லூமிங். எடுத்தவர் இஸ்கா. வரைந்தவர் மாங் செலோ. இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: லூமிங் செய்தது சரி. இஸ்கா செய்ததும் சரி. ஒருத்திக்குச் செத்தவன் மட்டும்தான் மிச்சம். இன்னொருத்திக்கு உயிரோடு ஒருவன் இருந்தான். அவரவர் ஆளுக்காக அவரவர் நின்றார்கள். மாங் செலோ செய்ததுதான் தப்பு. பார்த்ததைத்தான் வரைந்தேன் என்றாரே, அவர் பார்த்தது தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மத்தியான வெயில். நாடு அழகாகத் தெரிய வேண்டும் என்று அத்தனையையும் மாற்றியவருக்கு ஒரு தாயின் முகத்தை மாற்றத் தெரியாதா? மாற்றியிருந்தால் படத்தில் குஞ்சும் இருந்திருக்கும், வீட்டில் எலோயும் இருந்திருப்பான். முகம்தான் வேண்டும் என்றால் இஸ்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் அவர் கேட்கவில்லை.