முள்ளம்பன்றி அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் மிருகங்களும் மனிதரைப் போலவே பேசின. டிக்கெட் எடுத்து ரயிலேறின. முள்ளம்பன்றியின் முட்கள் அப்போதெல்லாம் எந்நேரமும் விறைத்தே நிற்கும், படுத்தாலும் மடங்காது. சிறுத்தையின் நகங்களும் அப்படித்தான். நடந்தால் தரையைக் கீறிக்கொண்டே போகும்.

முள்ளாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் அப்பனை ஒரு சிறுத்தை அடித்துத் தின்றுவிட்டது. அதனால் முள்ளை மடக்குகிற பேச்சையே முள்ளாண்டி காதில் போட்டுக்கொள்ளாது. ரயிலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் தனியாகத்தான் உட்காரும். குத்து வாங்க யாருக்கு ஆசை? முள்ளாண்டி அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது, பாவம்.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்துக்கொண்டது. ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி ரயிலில் எள் போட்டால் விழாத கூட்டம். முள்ளாண்டி எப்போதும்போலத் தன் பெஞ்சில். எதிர் பெஞ்சில், வேறு இடம் கிடைக்காமல், ஒரு சிறுத்தை.

வண்டி நகரவில்லை. வெள்ளைக்கார டிரைவர் சக்கரத்தருகே குனிந்து, "அட்ஜஸ்ட்! அட்ஜஸ்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் சவரிமுத்து ஸ்பேனரால் எதையோ திருகினான்.

"துரை என்னய்யா சொல்றாரு?" என்று முள்ளாண்டி ஜன்னல் வழியே கேட்டது.

"பிரேக்கு சக்கரத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கு. கழட்டிப் போடச் சொல்லல. சக்கரம் உருளுற அளவுக்குக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கச் சொல்றாரு. அவுங்க பாஷையில அதுக்குப் பேரு அட்ஜஸ்ட்."

"அப்புறம் பிரேக்கு பிடிக்காதே?"

"பிடிக்க வேண்டிய நேரத்துல பிடிக்கும்."

அந்த நேரத்தில் ஒரு முயல் தண்ணீரில் தத்தளித்து வந்து படியைப் பற்றியது. முதுகில் குட்டிகள். பெட்டி முழுக்கக் கெஞ்சிப் பார்த்தது. கால் வைக்க இடமில்லை. காலியாக இருந்தது முள்ளாண்டியின் பெஞ்சு மட்டும்தான். தண்ணீர் படியைத் தொட்டுவிட்டது.

"அண்ணே, புள்ளைங்களை மட்டுமாவது ஏத்திக்கங்க."

கீழே நின்ற சவரிமுத்து சொன்னான்: "ஏய்யா முள்ளாண்டி, நீயும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்!"

இரும்புக்குச் சொல்லும் சொல்லை உயிருள்ளதற்குச் சொன்னது அதுவே முதல் தடவை.

முள்ளாண்டி எதிரே பார்த்தது. சிறுத்தையும் பார்த்தது.

"மடக்கினா இது என்னைத் தின்னுரும்."

"மடக்கலேன்னா என் புள்ளைங்களை ஆறு தின்னுரும்ணே."

முள்ளாண்டிக்கு அப்பன் ஞாபகம் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முட்களை ஒவ்வொன்றாக முதுகோடு படியவைத்தது. முயலும் குட்டிகளும் ஒட்டி உட்கார்ந்துகொண்டன. வண்டி கிளம்பியது.

ஒரு வளைவில் பெட்டி குலுங்க, ஒரு குட்டி உருண்டு போய்ச் சிறுத்தையின் முன்னங்கால்களுக்கு நடுவே விழுந்தது. இரண்டு பக்கமும் நகங்கள். கால் கொஞ்சம் அசைந்தாலும் குட்டி கிழிந்துவிடும். முள்ளாண்டியின் முட்கள் சிலிர்க்கப் பார்த்தன. ஆனால் அவை விறைத்து நின்றால் பக்கத்திலிருக்கும் குட்டிகள் மேல் குத்தும் என்று அடக்கிப் பிடித்துக்கொண்டது.

"ஐயா," என்றது முள்ளாண்டி. "நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

சிறுத்தை முள்ளாண்டியின் முள் படிந்த முதுகைப் பார்த்தது. பிறகு நகங்களை மெல்ல விரலுக்குள் இழுத்துக்கொண்டது.

"எனக்கு இது பழக்கமில்ல," என்றது.

"எனக்கும்தான்," என்றது முள்ளாண்டி.

வெள்ளம் ஏறாத மேட்டில் இருந்த ஒரு ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கி அவரவர் வழியில் போனார்கள். சிநேகமெல்லாம் ஒன்றுமில்லை. பிற்பாடு காட்டில் எதிர்ப்பட்டபோது சிறுத்தை நகத்தை நீட்டிப் பாய்ந்தது, முள்ளாண்டி முள்ளைச் சிலிர்த்து நின்றது. இரண்டுமே எதையும் கழற்றிப் போட்டிருக்கவில்லையே.

அன்று முதல்தான் முள்ளம்பன்றி முள்ளைப் படியவைத்துக்கொண்டும், சிறுத்தை நகத்தை உள்ளடக்கிக்கொண்டும் நடக்கின்றன. அன்று முதல்தான், நிறைந்துபோன சீட்டின் முன்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து நின்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கண்ணே" என்றால், ஒருவரையொருவர் யாரென்றே தெரியாத மூன்று பேரும் பேசாமல் தோளைச் சுருக்கிக்கொள்கிறார்கள்.