பெடல் மேல மூணு கட்டை

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சு. ராஜா இல்ல கண்ணு, காருதான். ராஜா எல்லாம் நேத்துக் கதையிலயே செத்தாச்சு. இந்தக் காரு ரொம்பச் சின்னது. ரெண்டு பேருதான் உக்காரலாம். மேல கூரை கிடையாது. முன்னாடி ஒரு கட்டையான கண்ணாடி, அம்புட்டுத்தான். வயிறு தரையில தட்டுற மாதிரி தாழ்வா இருக்கும். ஏன்னா அது கடைக்குப் போய்ட்டு வர்ற காரு இல்ல. பந்தயத்துல ஓடுன காரு. ம் சொல்லு.

ம்.

கோயம்புத்தூர்ல ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னாடி தகரம் போட்ட ஒரு ஷெட்டு. அதுக்குள்ள தார்ப்பாயைப் போத்திக்கிட்டு அந்தக் காரு வருஷக்கணக்கா தூங்குச்சு. சக்கரத்துல காத்து இல்ல. சீட்டுப் பஞ்சை எல்லாம் எலி பிய்ச்சு எடுத்து குட்டிகளுக்கு மெத்தை போட்டிருச்சு.

அந்த வீட்டுக்காரரு பேரு ரங்கசாமி. அவரு ரொம்ப நெட்டை. வாசப்படியில குனிஞ்சுதான் உள்ள வருவாரு. இதை மறந்துறாத, பின்னாடி வேணும். அவரு அந்தக் காலத்துல காரு பந்தயத்துல ஜெயிச்சவருன்னு ஊருக்கே தெரியும். ஹால்ல ஒரு போட்டோ மாட்டியிருந்துச்சு. பழைய ஏரோப்ளேன் மைதானத்துல அந்தச் சின்னக் காரு கோட்டைத் தாண்டிப் போகுது. உள்ள ஒருத்தரு, தலைக்கவசமும் பெரிய கண்ணாடியும் மாட்டிக்கிட்டு. மூஞ்சி தெரியாது. போட்டோவுக்குக் கீழ ஒரு வெள்ளிக் கப்பு, தேக்குக் கட்டை மேல நிக்கும். வீட்டுக்கு வர்றவங்க அதைப் பார்த்துட்டு, நீங்களான்னு ரங்கசாமியைக் கேப்பாங்க. அவரு சிரிப்பாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அப்போ அவரு சம்சாரம் தெய்வானை காப்பி கொண்டுவந்து வெச்சுட்டு உள்ள போயிருவாங்க. தெய்வானை குள்ளம். அலமாரியில மேல் தட்டு டப்பாவை எடுக்க முக்காலி போட்டு ஏறணும்.

அப்புறம் ஒரு நாள் ரங்கசாமி செத்துப்போனாரு.

ம்.

ஆமா. எல்லாரும் அழுதாங்க. அதிகமா அழுதவ அவரு மக பூங்கொடி. காலேஜ்ல இஞ்சின் பாடம் நடத்துறவ. அவளுக்கு அப்பான்னா உசுரு. அவ ஒரு முடிவு எடுத்தா. அப்பாவுக்கு வருஷத் திதி வர்றதுக்குள்ள அந்தக் காரை எழுப்பி ஓட வைக்கணும். மெக்கானிக் வேண்டாம், ஆள் வேண்டாம், என் கையாலயே பண்ணுறேன்னு சொல்லி லீவு போட்டுட்டு வந்து ஷெட்டுல இறங்கிட்டா.

அப்போ அவ அண்ணன் சம்பத்து திருப்பூர்ல இருந்து வந்தான். அப்பாவை உரிச்சு வெச்ச உயரம். அவனுக்கு வேற ஆசை. காருக்குச் செவப்பு பெயிண்டு அடிக்கலாம், அகலமான சக்கரம் போடலாம், சீட்டுக்கு வெள்ளைத் தோல் தைக்கலாம், பாட்டுப் பெட்டி வைக்கலாம்னு அடுக்குனான். பூங்கொடி முடியாதுன்னுட்டா. கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியேதான் இருக்கணும், ஒரு ஆணி கூட மாறக்கூடாது, மாத்துனா அது அப்பாவுக்குப் பண்ணுற துரோகம்னு சண்டை போட்டா. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுற வண்டின்னு நினைச்சியான்னு கேட்டா. அவன், நீ காரை எழுப்பல, மியூசியத்துக்குப் பொணம் தயார் பண்ணுறன்னு சொன்னான். ரெண்டு பேரும் ரெண்டு நாள் பேசிக்கல.

கடைசியில இப்படி ஒத்துக்கிட்டாங்க. காரு பூங்கொடி சொன்ன மாதிரி. ஆனா கதவுல அப்பா பேரைத் தங்க எழுத்துல எழுதணும். ஞாயித்துக்கிழமை ஊரு காரு கிளப்புல இருந்து ஆளுங்க லாரி கொண்டுவருவாங்க. காரை எடுத்துட்டுப் போயி அவங்க மண்டபத்துல கண்ணாடிக் கூண்டுக்குள்ள வைப்பாங்க. அப்புறம் அதை யாரும் தொடக்கூடாது, ஓட்டக்கூடாது. ரங்கசாமி ஓட்டுன காருன்னு எல்லாரும் வெளிய நின்னு பார்க்கலாம்.

தெய்வானை கிட்ட யாராவது கேட்டாங்களா? நீ சொல்லு, கேட்டாங்களா? கேக்கல.

சரி. காரு சும்மா எழுந்துருமா? மூணு தடவை மாட்டேன்னு சொல்லுச்சு.

முதல் தடவை சக்கரம் கழல மாட்டேன்னுச்சு. நடுவுல பெரிய நட்டு. பூங்கொடி சுத்தியலை எடுத்து டங்கு டங்குன்னு அடிக்கிறா, தொங்குறா, ஏறி நிக்கிறா. அசையல. அப்போ தெய்வானை டீயோட ஷெட்டு வாசல்ல வந்து நின்னாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "அந்தப் பக்கத்து நட்டு எதுத்தாப்புல திரும்பும் அம்மிணி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பூங்கொடி எதுத்தாப்புல அடிச்சா. க்ரீச்... திரும்பிருச்சு. அப்பா எப்பவோ அம்மா கிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைச்சுக்கிட்டா.

அப்புறம் இஞ்சின் மாட்டேன்னுச்சு. கிர்ர்ர்... கிர்ர்ர்... தொப். மறுபடி கிர்ர்ர்... தொப். ஒரே பெட்ரோல் வாடை. அப்போ தெய்வானை டீயோட வந்தாங்க. சோக்குக் குமிழை முழுசா இழுத்தா அதுக்கு மூச்சு முட்டும், பாதி இழுன்னாங்க. பாதி இழுத்தா. கிர்ர்ர்... டப்... டப்டப்... டர்ர்ர்ர்ருன்னு ஷெட்டுத் தகரமே ஆடுச்சு. எலியெல்லாம் ஓடுச்சு. அப்பா அம்மாவுக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்காரு பாருன்னு பூங்கொடிக்குக் கண்ணு கலங்குச்சு.

அப்புறம் கியர் மாட்டேன்னுச்சு. காரை முட்டுக் குடுத்துத் தூக்கி வெச்சு, வெளிய இருந்தே ஒரு கம்பியால பெடலை அமுக்கிக்கிட்டு ரெண்டாவது கியர் போட்டா, கடகடகடன்னு பல்லைக் கடிக்குது. அப்போ தெய்வானை டீயைக் கீழ வெச்சாங்க. கையை வெத்துக் காத்துல இப்படி நீட்டி, இப்படி ஒரு இழுப்பு, நிறுத்தி, இப்படி ஒரு தள்ளு. "நடுவுல ஒரு மூச்சு விட்டுட்டுப் போடு. அவசரப்பட்டா அதுக்குப் பிடிக்காது"ன்னாங்க. பூங்கொடி ஒரு மூச்சு விட்டா. க்ளக். வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி எறங்குச்சு.

இப்போ நியாயமா சொல்லு. மூணு தடவை. ஒரு தடவையாவது, இதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்னு கேக்கணுமா இல்லையா? படிச்சவதானே? கேக்கல கண்ணு.

ம்.

அப்புறம்தான் அவ அந்தத் தப்பைப் பண்ணுனா. கடைசி வேலை, உள்பக்கம் சுத்தம் பண்ணுறது. டார்ச் அடிச்சுப் பார்த்தா, கால் மிதிக்கிற மூணு பெடல் மேலயும் மூணு மரக்கட்டை திருகாணி போட்டு முடுக்கியிருக்கு. கிளச்சுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, ஆக்சிலேட்டருக்கு ஒண்ணு. சீட்டுக்கு அடியில பார்த்தா, கம்பெனிக்காரன் போட்ட ஓட்டையை விட்டுட்டு, ரொம்ப முன்னாடி வேற ஓட்டை போட்டு சீட்டை இழுத்து மாட்டியிருக்கு. அவளுக்குக் கோவம் வந்துருச்சு. எந்த அரைகுறை மெக்கானிக் எங்கப்பா காரை இப்படிக் கெடுத்தான்னு திட்டிக்கிட்டே மூணு கட்டையையும் கழட்டுனா. புது ஓட்டையை எல்லாம் வெல்டு வெச்சு அடைச்சா. சீட்டைப் பின்னாடி, கம்பெனி வெச்ச இடத்துலயே மாட்டுனா. கட்டைங்களைக் கொண்டுபோய் வெந்நீர் பாய்லர் பக்கத்துல, விறகோட விறகா போட்டுட்டா.

மறுநாள் டீ வரல.

அதுக்கு மறுநாளும் வரல. தெய்வானை ஷெட்டுப் பக்கமே வரல. முட்டி வலியா இருக்கும்னு பூங்கொடி நினைச்சுக்கிட்டா.

சனிக்கிழமை காலையில காரு தயார். பாதாம் கொட்டை நிறத்துல பளபளன்னு முற்றத்துல நிக்குது. சம்பத்து வந்தான். ஒரு சுத்து சுத்திப் பார்த்தான். தங்கச்சி தோள்ல கை வெச்சான். அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை. அப்பா போட்டோவுல இருக்குற மாதிரியே நான் உக்காந்து ஒரு போட்டோ எடுக்கலாம், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டலாம்னான். ஹால்ல இருந்து அந்தப் போட்டோவைக் கழட்டிக்கிட்டு வந்து பூங்கொடி கையில குடுத்துட்டு ஏறி உக்காந்தான்.

அவ போட்டோவைப் பார்த்தா. காரைப் பார்த்தா. மறுபடி போட்டோவைப் பார்த்தா.

போட்டோவுல அந்தத் தலைக்கவசம் முன் கண்ணாடி விளிம்புக்குக் கீழ, உள்ள அடங்கி இருக்கு. சம்பத்து தலையோ கண்ணாடிக்கு மேல கோபுரக் கலசம் மாதிரி நிக்குது.

அண்ணனைக் கொஞ்சம் குனியச் சொன்னா. குனிஞ்சான். இன்னும் குனியச் சொன்னா. அப்புறம் ரோட்டை எப்படி அம்மிணி பார்க்குறதுன்னான். அவனை எறக்கிட்டு அவ உக்காந்தா. அவ நடுத்தர உயரம். சம்பத்தை எட்டி நின்னு பார்க்கச் சொன்னா. நெத்தி கண்ணாடிக்கு மேல தெரியுதுன்னான். அவ ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. அப்பா வாசப்படியில குனிஞ்சு வர்றது ஞாபகம் வந்துச்சு. சமையல் ரூம்ல இருக்குற முக்காலி ஞாபகம் வந்துச்சு. அப்புறம் மூணு கட்டை.

எழுந்து ஓடுனா. பாய்லர் அடியில சாம்பல்தான் இருந்துச்சு. கையை விட்டுத் துழாவுனா. ஒண்ணும் இல்ல. சாம்பல் கையோட சமையல் ரூம் வாசல்ல போய் நின்னா. தெய்வானை கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க. மக கையைப் பார்த்தாங்க. எழுந்து, முக்காலி போட்டு, மேல் தட்டுல இருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரிச்சாங்க. உள்ள ரெண்டு கட்டை.

"நான் பார்க்குறதுக்குள்ள ஒண்ணு எரிஞ்சுருச்சு. பிரேக்குக் கட்டை. போனாப் போகுது, அதை நான் அவ்வளவா மிதிச்சதில்ல"ன்னாங்க.

பூங்கொடி தரையில உக்காந்து அழுதா. ஏம்மா சொல்லலன்னு கேட்டா. "யாரும் கேக்கல"ன்னாங்க தெய்வானை. அப்புறம், நீ அப்பாவுக்குன்னு பண்ணிட்டிருந்த, உன் கையை எப்படித் தடுக்கன்னாங்க. அப்புறம் கீரையை ஆஞ்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா சொன்னாங்க. அந்தக் காலத்துல பொண்ணுங்க பேரைப் பந்தயத்துல எழுதிக்க மாட்டாங்களாம். ரங்கசாமிக்கு இஞ்சின்னா கைவந்த வேலை, வேகம்னா பயமாம். காரு எழுபதைத் தாண்டுனா கண்ணை மூடிக்குவாராம். அதனால பேரை அவரு குடுத்தாரு, காரை இவங்க ஓட்டுனாங்க. அந்தக் கட்டைகளைக் கூட அவருதான் அவங்க கால் அளவு பார்த்துச் செதுக்கி மாட்டுனாராம். ஓடி முடிச்சதும் கூடாரத்துக்குப் பின்னாடி போயி தலைக்கவசத்தை அவரு கையில குடுத்துருவாங்க. கப்பை அவரு வாங்குவாரு. அப்புறம் சம்பத்து வயித்துல வந்தான், ஸ்டீயரிங் இடிச்சுது, தார்ப்பாயைப் போத்தியாச்சு.

பூங்கொடி மெதுவா கேட்டா. "அப்பா ஏம்மா அத்தனை வருஷமும் பொய் சொன்னாரு?"

"பொய் சொல்லல கண்ணு. கேட்டவங்களுக்குச் சிரிச்சாரு."

"அதுவும் பொய்தானே."

தெய்வானை ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாங்க. இன்னொண்ணு கிள்ளிப் போட்டாங்க.

"ஆமா"ன்னாங்க. "அதுவும் பொய்தான்."

ஒரு ஆள் மேல உசுரா இருந்துக்கிட்டே கோவமும் படலாம் கண்ணு. ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள இருக்கும். கஷ்டமாத்தான் இருக்கும்.

ம்.

அப்புறம் பூங்கொடி எழுந்து மூஞ்சியைக் கழுவிட்டு ஷெட்டுக்குப் போனா. தான் வெச்ச வெல்டைத் தானே அறுத்தா, சர்ர்ர்ருன்னு பொறி பறக்குது. அடைச்ச ஓட்டையைத் திறந்தா. சீட்டை முன்னாடி இழுத்து மாட்டுனா. ரெண்டு கட்டையைத் திருகுனா. மூணாவதுக்கு நல்ல கெட்டியான மரம் வேணுமே. வீட்டைச் சுத்திப் பார்த்தா. ஹாலுக்குப் போனா. வெள்ளிக் கப்பைக் கவுத்துப் போட்டு அடியில இருக்குற தேக்குக் கட்டையைக் கழட்டுனா.

சம்பத்து பதறிப்போயி வந்து பிடிச்சுக்கிட்டான். "அப்பா கப்பு, உனக்கு என்ன பைத்தியமா?"

அப்போ பின்னாடி இருந்து ஒரு குரல். சத்தமா இல்ல, சாதாரணமாத்தான்.

"அது என் கப்பு சம்பத்து. அறுக்கட்டும் விடு."

சம்பத்து கையை எடுத்துட்டான். அம்மாவைப் பார்த்தான். அப்புறம் கட்டையை ஆடாம ரெண்டு கையாலயும் அவனே பிடிச்சுக்கிட்டான், தங்கச்சி அறுத்தா. கர் கர் கர்.

மத்தியானம் பேரு எழுதுற பெயிண்டர் தங்க டப்பாவோட வந்தாரு. கதவுல என்ன பேரு எழுதட்டும்னு கேட்டாரு. பூங்கொடி அம்மாவைப் பார்த்தா. பேரெல்லாம் வேண்டாம், பேரு எழுதித்தான் இவ்வளவு வம்புன்னு சொல்லி, அவருக்கு ஒரு டீ குடுத்து அனுப்பிட்டாங்க தெய்வானை.

ஞாயித்துக்கிழமை கிளப்பு ஆளுங்க லாரியோட வந்தாங்க. அவங்கள்ல பெரியவரு ஒருத்தரு, தொப்பையும் உயரமுமா, ரங்கசாமி உக்காந்த சீட்டுல ஒரு தடவை உக்காந்துக்கிறேன்னு ஆசையா ஏறப் பார்த்தாரு. முட்டி ஸ்டீயரிங்ல டொக்குன்னு இடிச்சுது. வயிறு மாட்டிக்கிச்சு. இந்தச் சந்துக்குள்ள ரங்கசாமி எப்படிங்க உக்காந்தாருன்னு மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டாரு.

சம்பத்து அவரு கையைப் பிடிச்சு வெளிய இழுத்து விட்டான். "அவரு உக்காரவே இல்லீங்க. உக்காந்தவங்க அதோ வர்றாங்க."

தெய்வானை சேலை முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு வந்தாங்க. யாரையும் பார்க்கல. ஏறி உக்காந்தாங்க. மூணு கட்டை மேலயும் ஒவ்வொண்ணா காலை வெச்சுப் பார்த்தாங்க. பொருந்துச்சு. சோக்கைப் பாதி இழுத்தாங்க. டப்... டப்டப்... டர்ர்ர்ர்ர். ஒரு மூச்சு விட்டு, க்ளக். கேட்டைத் தாண்டி காரு தெருவுக்குப் போயிருச்சு.

பூங்கொடி கேட்டுல நின்னு பார்த்தா. பின்னாடி இருந்து பார்த்தா அம்மா தலையே தெரியல. தெருமுனையில டீக்கடைக்காரரு பார்த்தாரு, பஸ்ஸுக்கு நின்னவங்க பார்த்தாங்க. தூரத்துல அவங்களுக்கு, யாருமே ஓட்டாம ஒரு காரு தானா போற மாதிரிதான் இருந்துச்சாம். கிட்ட போய்ப் பார்த்தாத்தான் யாருன்னு தெரியும். அந்த வேகத்துல, கிட்ட வர தெய்வானை யாரை விட்டாங்க?

லாரி காலியாத்தான் திரும்புச்சு.

ம்... 

என்ன, குரலே வரல? சரி. காரும் ஷெட்டுக்கு வந்தாச்சு, இஞ்சினும் அணைஞ்சாச்சு, கதையும் நின்னாச்சு. கண்ணை மூடு, தூங்கு.