பின் சீட்டுக்கு ஒரு கண்ணாடி

அந்தக் காலத்தில் காரும் பேசும், காற்றும் பேசும். யார் வாயை யார் அடைப்பது? அப்போது ஓடியதெல்லாம் கூரையில்லாத கார்கள். முன்னால் ஒரே ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் டிரைவர் சொகுசாக உட்கார்ந்திருப்பார். பின் சீட்டில் இருப்பவர் பாடு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

செங்கோட்டையில் கோயில்பிச்சை என்று ஒரு டிரைவர் இருந்தார். ஓர் ஆடி மாதக் காலையில் ஆவுடையம்மாள் கைக்குழந்தையோடு அவரிடம் ஓடி வந்தாள். குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுல நல்ல வைத்தியர் இருக்காராம். எப்படியாவது கொண்டுபோய்ச் சேத்திருங்க."

"ஏறும்மா. பறந்திருவோம்."

பறந்ததுதான் தப்பாகப் போயிற்று. கணவாயில் மேல்காற்று எதிரே வந்து மோதியது. குழந்தை திணறியது. "அண்ணாச்சி, பிள்ளை மூச்சு விடமுடியாம தவிக்கு!" என்று ஆவுடையம்மாள் அலறினாள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று அவர் இன்னும் வேகமாக விரட்டினார். காற்று இன்னும் பலமாக அறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிதருக்கு ஒரு முடிகூட அசையவில்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

கார் பொறுக்கமாட்டாமல் நின்றுவிட்டது. "வே, கொஞ்சம் பின்னால போய் உட்கார்ந்து பாரும்!"

போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் முகத்தில் மண் வந்து அடித்தது. அவருக்கே மூச்சு முட்டியது. "அடப்பாவி, இதுலயா பச்சைப்பிள்ளைய வச்சு ஓட்டினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு காற்றை ஏசினார்.

"என்னை ஏன் ஏசுதீரு?" என்றது காற்று. "உம்ம கண்ணாடியில முட்டி மேல ஏறுதேன். ஏறினா இறங்க வேண்டாமா? இறங்குத இடம் பின் சீட்டு. அவங்க முன்னால ஒரு கண்ணாடி இருந்தா நான் ஏன் அவங்களைத் தொடப்போறேன்?"

கோயில்பிச்சை ஸ்பானரை எடுத்து முன்கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணு போயிரும் வே!" என்று கார் பதறியது.

"பிள்ளை போயிட்டா?"

அவர் கண்ணாடியைப் பின் சீட்டுக்கு முன்னால் நிறுத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். தாயும் பிள்ளையும் அதன் மறைவில் ஒடுங்கிக்கொண்டார்கள். மண்ணும் சருகும் தம் முகத்தில் அறைய அறைய, கண்ணில் நீர் வழிய, ஆரியங்காவு வரை அவர் ஓட்டினார்.

வைத்தியர் கொடுத்த மருந்தில் சாயங்காலத்துக்குள் சளி இளகிக் குழந்தை பால் குடித்தது. வெளியே கோயில்பிச்சை இரண்டு கண்ணும் வீங்கி, திறக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தார். "தாய்ப்பால் விட்டால் எரிச்சல் அடங்கும்" என்றார் வைத்தியர். அவர் சொல்லி முடிக்குமுன் ஆவுடையம்மாள் சங்கில் பாலோடு வந்துவிட்டாள். சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"என் பிள்ளைக்கு வந்த காத்தையெல்லாம் நீங்க வாங்கிக்கிட்டீங்களே அண்ணாச்சி. நீங்க நல்லா இருக்கணும்" என்று அழுதாள்.

உள்ளே குழந்தை வீல் என்று கத்தியது. "அழட்டும்மா," என்று சிரித்தார் கோயில்பிச்சை, "கேக்க எவ்வளவு நல்லா இருக்கு!"

மறுநாள் அவருக்குக் கண் திறந்தது. ஆனால் கார் நகரவில்லை. "முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. ரெண்டு கண்ணாடி வைக்காம ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன்" என்று அடம்பிடித்தது. அந்த வழியாக வந்த கார்களிடமெல்லாம் ஹாரன் அடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டது. அவையும் ஆங்காங்கே படுத்துக்கொண்டன. முதலாளிமார் என்னதான் செய்வார்கள்!

அன்று முதல்தான் கூரையில்லாத பழைய கார்களில் பின் சீட்டுக்கும் தனியாக ஒரு கண்ணாடி வந்தது. அந்தப் பக்கத்தில் பின் சீட்டிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் டிரைவர் முகத்தைப் பார்த்து, "கண்ணு எரியுதா அண்ணாச்சி?" என்று கேட்பதும் அன்று முதல்தான்.