இஞ்சி யார் வைத்த பெயர்?

மணற்கரைச் சீமையை ஆண்ட சிவந்தியப்ப ராஜாவுக்கு வாக்குக் கொடுப்பதென்றால் கொள்ளை ஆசை. யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான். இது கப்பல்கார பார்க்கர் துரைக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று.

ஒருநாள் சபைக்கு வந்தார். "பெயர் வைத்தவருக்கே பொருள் சொந்தம். நியாயம்தானே, ராஜா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அதைத் தமிழில் எடுத்துச் சொன்ன துபாஷி மதுரநாயகத்துக்கு இதில் ஏதோ சூது இருப்பது புரிந்தது. அவர் கண்ணைக் காட்டுவதற்குள் ராஜா முந்திக்கொண்டார்.

"பிள்ளைக்குப் பெயர் வைப்பவன் தகப்பன்தானே! வாக்குத் தந்தேன்!"

"அப்படியானால் உங்கள் மலையில் விளையும் ஜிஞ்சர் முழுவதும் எங்களுடையது. ஜிஞ்சர் சுத்தமான இங்கிலீஷ்!"

"நாங்கள் இஞ்சி என்கிறோமே!" ராஜா பதறினார்.

"எங்கள் சொல்தான். உங்களுக்கு வாய் திருந்தாமல் அதை இஞ்சி ஆக்கிவிட்டீர்கள்."

மலைக்குடிகளின் ஒரு வருஷப் பாடு கைவிட்டுப் போகிறது. ராஜா வாக்கை மீறவும் முடியாது. மதுரநாயகம் குழைந்து கும்பிட்டுக்கொண்டு துரையிடம் போனார்.

"துரை மெத்தப் படித்தவர். இந்த அருமையான சொல் உங்கள் முன்னோருக்கு எங்கே கிடைத்தது?"

துரைக்கு உச்சி குளிர்ந்தது. "பிரெஞ்சுக்காரரிடம்."

"அவர்களுக்கு?"

"லத்தீனில். லத்தீன்காரருக்குக் கிரேக்கரிடம். கிரேக்கத்தில் அது ஜிங்கிபெரிஸ்!" துரை மீசையை முறுக்கினார்.

"ஆகா! கிரேக்க நாட்டில் இஞ்சி விளையுமோ?"

"எங்கே விளையும்? கிழக்கேயிருந்து வியாபாரிகள்…" துரை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மதுரநாயகம் ராஜாவின் பக்கம் திரும்பினார். "கிழக்கே, பாலி மொழியில் அது சிங்கிவேரம். இலங்கைப் பிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். பாலிக்குப் போனது நம்மிடமிருந்து. இஞ்சிவேர்! மகாராஜா, வேகமாகச் சொல்லிப் பாருங்கள்."

"இஞ்சிவேர்… சிங்கிவேர்… ஜிங்கிபேர்… அட!" ராஜா சிம்மாசனத்தில் துள்ளினார்.

"வாய் திருந்தாதது யாருக்கு என்று தெரிந்துவிட்டது. துரையின் நியாயப்படியே, அவர் கப்பல் சமையற்கட்டில் கிடக்கும் இஞ்சியும் நம்முடையது!"

இதை இங்கிலீஷிலும் சொல்லி முடித்தார். துரையின் முகம் சிவந்தது, சுளித்தது, கடைசியில் கோணிக்கொண்டது. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மதுரநாயகத்தின் கழுத்தில் போட்டார்.

"அது சரி, துரையின் முகம் ஏன் இப்படிப் போகிறது?"

"இந்த மாதிரி முகத்துக்கென்றே இஞ்சியை வைத்து நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது, மகாராஜா. அதை மட்டும் என்னை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள்!"