பத்து வினாடி

சிற்றம்பலத்துக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு தேன்மொழியம்மாவுக்கு முப்பத்தெட்டு. யார் யாரை விழுந்து கும்பிடுவது என்று ஆசிரமத்தில் இரண்டு நாள் விவாதம் நடந்து, யாரும் யாரையும் கும்பிடுவதில்லை என்று முடிவானது.

சிற்றம்பலம் முன்பு வேறொரு மடத்தில் இருந்தவர். பதினோரு வருடம் அங்கே தன் லேப்டாப்பில் ஓர் அகராதியைத் தட்டச்சு செய்தார். ‘ப’ வரை வந்திருந்தது. மூன்று மாதமாக அந்த மடம் அவரைக் கூப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அகராதிக்கு வேறு ஆள் என்று இப்போது சொல்லிவிட்டார்கள். இங்கே அதே வெள்ளிக்கிழமை அவருக்குத் தீட்சை.

திங்கட்கிழமை அம்மாவிடம் கேட்டார். “அங்கே போகவா, இங்கே இருக்கவா? இரண்டும் ஒருவனுக்குள் இருக்கக்கூடாதா?”

அம்மா ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். “இதில் லினக்ஸ் இருக்கிறது, விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற இன்னொன்று. உங்கள் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு வாருங்கள். பழைய விண்டோஸை அழிக்க வேண்டாம்.”

சிற்றம்பலம் எதையும் முழுதாகப் படிக்காமல் தொடமாட்டார். உரிம ஒப்பந்தத்தில் ஒற்றுப்பிழை பார்க்கிறவர். பென் டிரைவிலிருந்து கணினி எழுந்ததும், நிறுவுகிறீர்களா, நிறுவாமல் சும்மா பார்க்கிறீர்களா என்று கேட்டது. சும்மா பார்ப்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. செவ்வாய் முழுக்க அதிலேயே எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் திறந்தால் ஒரு வரிகூட இல்லை.

போய் முறையிட்டார். நிறுவவே இல்லையே, பிறகு எங்கே தங்கும் என்று கேட்டுவிட்டு அம்மா கீரை ஆயப் போய்விட்டார்.

அந்தப் புதனன்றே நிறுவினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா, பழையதன் பக்கத்தில் போடவா என்றது. பக்கத்தில் என்றார். புதியதற்கு எவ்வளவு இடம் என்றது. பழையது மனம் நோகக்கூடாதே என்று ஆகக் குறைந்ததைக் கொடுத்தார்.

பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி திறந்தார். கறுப்புத் திரையில் நான்கு வரிகள். முதல் வரி லினக்ஸ், கடைசி வரி விண்டோஸ். நடுவில் இருந்த இரண்டுக்கும் என்ன பொருள் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே லினக்ஸ் தானாகத் திறந்துகொண்டது. அணைத்துப் போட்டார். மறுபடியும் லினக்ஸ். ஏழு முறை. விண்டோஸ் செத்துவிட்டது, அகராதியும் கூடவே போய்விட்டது என்று தீர்மானித்தார். பதினோரு வருடம்.

மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

அம்மா திறந்து, கடைசி வரிக்குப் போய் ஒரு பொத்தானை அமுக்கினார். விண்டோஸ் வந்தது. அகராதி, ‘பணியாரம்’ என்ற சொல்லில், அவர் விட்ட இடத்திலேயே நின்றது.

“நான் எதையும் அமுக்கவே இல்லையே அம்மா. அதுவாகவே போகிறது.”

“பத்து வினாடி பார்க்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும்.”

“பத்து வினாடியில் யாரால் யோசிக்க முடியும்? அதை நிறுத்த முடியாதா?”

“முடியும்.”

“நான் சொல்கிறவரை காத்திருக்குமா?”

“காத்திருக்கும்.”

“எவ்வளவு நேரமானாலும்?”

“எவ்வளவு நேரமானாலும்.”

அம்மா எங்கோ ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தார். சிற்றம்பலத்துக்கு மூன்று மாதமாக வராத தூக்கம் அன்று வந்தது.

வியாழன் காலை மாமரத்தடியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். நான்கு வரிகள் வந்தன. எந்த அவசரமும் இல்லை. லினக்ஸ் என்று நினைத்தால் பணியாரம் கண்ணில் நின்றது. விண்டோஸ் என்று கை போனால் நாளைக்குத் தீட்சை. சாப்பாட்டு மணி அடித்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். திரை அப்படியே இருந்தது. அதன் பொறுமையை அவர் மனதுக்குள் மெச்சினார். இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஒரு சுகமாகக்கூட இருந்தது.

நாலு மணிக்குத் திரை இருண்டது. எதை அமுக்கியும் வெளிச்சம் வரவில்லை.

அம்மாவிடம் கொண்டுபோனார். “எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும் என்றீர்களே.”

“காத்திருக்கும் என்றுதான் சொன்னேன் ஐயா,” என்றார் தேன்மொழியம்மா. “சார்ஜ் தீராது என்று சொன்னேனா?”