கூப்பாடு போடும் முயல்

குளக்கரை மருதமரத்தடியில் ஒரு கீரி நர்ஸ் வேலை பார்த்துவந்தது. அடிபட்டு வருகிற விலங்குகளுக்குப் பச்சிலை வைத்துக் கட்டுவது அதன் வேலை.

மாதம் ஒருமுறை அங்கே காட்டுத்தீ ஒத்திகை நடக்கும். காயம்பட்டதாக நடிப்பது எப்போதும் முயல்தான். கோவைப்பழத்தைக் காலில் பூசிக்கொண்டு, "ஐயோ, சுடுதே! கீரியக்கா!" என்று அது போடும் கூப்பாட்டில் தவளைகள்கூட வாயடைத்துப்போகும். சத்தம் வந்த பக்கம் கீரி பாயும்.

"கொஞ்சம் மெல்லத்தான் கத்தேன்டி, காது போகுது."

"மெல்லக் கத்தினா என்னை எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று முயல் சிரிக்கும்.

மதிப்பெண் போடுவது கரடி. "கூப்பிட்ட உடனே வந்தாச்சு. நூத்துக்கு நூறு."

ஒருநாள் ஆமை கேட்டது. "கத்தாம கிடக்கிறவங்களை யாருமே தேடலையே, ஐயா?"

"வலிச்சா கத்தாம இருப்பாங்களா? உன் ஓட்டுக்குள்ள போய்த் தேடு, போ" என்றது கரடி. எல்லோரும் சிரித்தார்கள். கீரியும் சிரித்தது.

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் மெய்யாகவே தீ வந்தது. மூங்கில்கள் வெடித்தன. வால் கருகிய நரி ஊளையிட்டது. கீரி ஓடிப்போய்க் கட்டியது. கையைச் சுட்டுக்கொண்ட குரங்கு அலறியது. கீரி அங்கேயும் ஓடியது. நடுவே நின்று காதைத் தீட்டிக் கேட்டது. முயலின் குரல் எங்கும் இல்லை.

'நல்லவேளை, அவ தப்பிச்சுட்டா. அடிபட்டிருந்தா இந்நேரம் காடே கேட்டிருக்கும்.'

தீ அடங்கியதும் ஆமைதான் வந்து கூட்டிப்போனது. ஈச்சம்புதரடியில் முயல் கிடந்தது. உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை. புகை தொண்டையை அடைத்திருந்தது. வாய் மட்டும் கத்துவதுபோலத் திறந்திருந்தது.

கீரி அந்தப் புதரைத் தாண்டி மூன்று தடவை ஓடியிருந்தது.

"எந்திரிடி" என்றது கீரி. "நீ எவ்வளவு சத்தமா வேணும்னாலும் கத்திக்கோ." கையிலிருந்த பச்சிலையை எங்கே வைத்துக் கட்டுவதென்று அதற்குத் தெரியவில்லை.

அடுத்த மாத ஒத்திகையில் கரடி கேட்டது, "யாரு கத்தப் போறீங்க?"

"யாரும் கத்த வேண்டாம், ஐயா" என்ற கீரி, ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தது.

குரல் எழுப்ப முடியாதவரைத் தேடிப் போகப் பழக்காத ஒத்திகைக்கு எத்தனை மதிப்பெண் போட்டாலும், ஆபத்து நாளில் அது உயிரைக் காப்பாற்றாது.